இடப் பக்க ஒட்டு

“வலப் பக்கம் முத்தலிப் ஒட்டினதாம். இடப் பக்கம் நம்மட றுவைஸாம். நான் எண்டா இடப் பக்கக் கதவால ஏறமாட்டன்.”

ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடையில் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுத் தட்டிக்கு வெளியே நிற்பவர் றுவைஸ் என்று அவர்களுக்குத் தெரியாது.

றுவைஸ் குடிக்காமலே பக்கத்துக் கராஜுக்குத் திரும்பினார்.

அவர்கள் சிரிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முதல் மூதூரில் அவர் வெல்டிங் செய்து ஒட்டிக்கொடுத்த தண்ணீர்த் தாங்கியின் கால் ஒன்று விட்டுப்போனது. தாங்கி விழுந்தது ஒரு கோழிக்கூட்டின் மேல். செத்தது நாலு கோழி. ஊர்க் கதையில் அந்தக் கோழிகள் ஒவ்வொன்றாக மனிதராகிக்கொண்டு வந்தன.

பிழை தன்னுடையதுதான் என்று றுவைஸுக்குத் தெரியும். அன்றைய அவசரத்தில் துருவைச் சுரண்டாமல் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் ஒட்டு வேலை கொடுக்கவில்லை. முத்தலிப் மட்டும் தன்னுடைய கராஜில் இரும்பு வெட்டவும் தேய்க்கவும் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

போன கிழமை முத்தலிப் சொன்னார்: “மச்சான், நிக்கலஸிண்ட வண்டியில இடப் பக்கம் நீ ஒட்டு. அவர் ஏற்றுக்கொண்டா நீ திரும்பவும் ஒட்டுக்காரன். ஏற்றுக்கொள்ளாட்டி இனி நான் உன்னைக் கேக்கமாட்டன்.”

நிக்கலஸ் பாலையூற்றுக்காரர். கல்லும் பாறையுமான காட்டுப் பாதையில் கெப் வண்டி ஓட்டுவதென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். போன மாதம் ஒரு பாறை வண்டியின் அடியை நசுக்கியதில் இடப் பக்கக் கதவு இறுகிப்போனது. உள்ளே இருந்த மகள் அஞ்சலினாவை ஜன்னலால்தான் இழுத்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஸ்லைடர் போட வந்தார். இரண்டு பக்கமும் கதவுகளுக்குக் கீழே, வண்டியின் அடிச்சட்டமான சேசியோடு சேர்த்து ஒட்டுகிற கனத்த இரும்புக் குழாய். பாறை இடித்தால் குழாய் தாங்கிக்கொள்ளும். கதவுக்கு ஒன்றும் ஆகாது.

றுவைஸ் அந்த இரும்பை மூன்று தரம் சுரண்டினார். பிறகு ஒட்டினார். மீன் செதில் அடுக்கினதுபோல ஒட்டு வரிசை வரிசையாக வந்து விழுந்தபோது, முகமூடிக்குள் அவருக்கே மூச்சு ஒரு கணம் நின்றது.

முத்தலிப்பின் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. பாரம் தாங்குகிற வேலை என்றால், வண்டிக்காரர் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை ஒட்டினவர் வண்டிக்குக் கீழே படுத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு முதலில் வலப் பக்கம். வண்டி தூக்குகிற ஜக்கைக் குழாயின் நடுவில் கொடுத்து முத்தலிப் தூக்கினார். முன் சில்லும் பின் சில்லும் நிலத்தை விட்டன. வண்டியின் ஒரு பக்கம் முழுவதும் அந்த ஒற்றைக் குழாயில் நின்றது. அவர் சாக்கை விரித்துக் கீழே போய்ப் படுத்தார்.

தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். தேத்தண்ணிக் கடை முழுவதும் எழும்பி வந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று அடித்தபோது வண்டி மெல்ல ஆடியது. குழாய் அசையவில்லை. நிக்கலஸ் வாயைத் திறந்தபடி நின்றார்.

“குடியுங்கோ நிக்கலஸ். எனக்கு முதுகு நோகுது” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவர் குடித்து முடித்தார். முத்தலிப் வெளியே வந்து சேர்ட்டைத் தட்டிக்கொண்டு ஜக்கை இடப் பக்கம் இழுத்தார்.

“முத்தலிப் நானா, கோவிக்காதேங்கோ” என்றார் நிக்கலஸ். “மகள் இருக்கிற பக்கம் இது. இதை வெட்டிப்போட்டு நீங்களே ஒட்டித் தாங்கோ.”

முத்தலிப் அவரை ஒரு தரம் பார்த்தார். ஜக்கு ஏறியது. இடப் பக்கச் சில்லு இரண்டும் அந்தரத்தில் நின்றன.

“ஒட்டினவர் படுக்கட்டும், பாப்பம்” என்றார் கடையில் சிரித்தவர்.

றுவைஸ் சாக்கை எடுத்தார். படுக்க அவருக்குப் பயமில்லை. படுத்து எழும்பி வந்த பிறகும் இவர்கள் நம்பமாட்டார்கள் என்பதுதான் பயம்.

“பாவம், வேற வழியில்லாமப் படுக்கிறார்” என்றார் மற்றவர்.

முத்தலிப் கையை நீட்டினார். “சாக்கைத் தா. நீ படுக்க வேண்டாம்.”

“வழக்கம் மச்சான்…”

“தள்ளி நில்லு எண்டன்.”

கூட்டத்தில் யாரோ செருமினார்கள். “பாத்தீங்களா? அவருக்கே நம்பிக்கை இல்லை.”

றுவைஸ் சாக்கைக் கொடுத்தார். கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தார். நாளைக்கு மூதூரிலிருந்து பஸ் ஏறி வரத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டார்.

முத்தலிப் கடைப் பக்கம் திரும்பினார்.

“ஹிஸ்புல்லா, நிக்கலஸுக்கு இன்னொரு பிளேன்டீ. நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டா. ஆற நேரம் எடுக்கட்டும்.”

பிறகு சாக்கை விரித்து, றுவைஸ் ஒட்டின இடத்துக்கு நேர் கீழே தலையை வைத்துப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.