கார்டு மாட்டிய நாளிலிருந்து

"புது கிராஃபிக்ஸ் கார்டுன்னு என் தலையில கட்டிட்டியே தம்பி. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கம்ப்யூட்டர் அணைஞ்சுபோகுது. நாளைக்குக் கல்யாண வீடியோ கொடுக்கலைன்னா ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான்," என்று போனில் பொரிந்தாள் யூ-ஃபென்.

தைபேயில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் போ-ஷெங்குக்குச் சுருக்கென்றது. "என் கடையில அந்தக் கார்டு நாள் பூரா ஓடுச்சேக்கா."

நேரிலேயே போய்ப் பார்த்தான். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல், காற்றுத் துளைகளே தெரியாதபடி பச்சை நொறுக்குத்தீனி பாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. பச்சை பாக்கெட் வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடும் என்ற நம்பிக்கையில் தைவானில் ஊரே வைப்பதுதான். ஆனால் ஒன்றுதான் வைப்பார்கள்.

"இத்தனை எதுக்குக்கா? காத்துப் போக வழியில்லாம சூட்டுல அணையுது."

"நானும் ஒண்ணுதான் வச்சேன். நின்னுபோற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டினேன். இத்தனை வச்சும் அடங்கலைன்னா, உன் கார்டு எவ்வளவு மோசம்னு நீயே பாத்துக்கோ."