பதினொன்று பத்து பேருந்து

சுவரில் விழுந்த படத்தில் அந்தக் கிழவர் ஹில்டாவின் ரொட்டிக்கடை மேடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

முகம் தெரியவில்லை. தொப்பி, முதுகு, ஒரு கை. அவ்வளவுதான்.

"தேதியப் பாருங்க. செவ்வா, செவ்வா, மறுபடி செவ்வா. சர்ச்சுக்குக்கூட யாரும் இப்படித் தவறாமப் போறதில்ல" என்று அடுத்தடுத்த படங்களைத் தள்ளினார் கிளைவ். இரும்புக்கடைக்காரர், வணிகர் சங்கத் தலைவர். கடைகளில் கேமரா வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

புதன்கிழமை மதியத்தோடு ஊரில் எல்லாக் கடையும் அடைத்துவிடும். அதனால் சங்கக் கூட்டம் எப்போதும் புதன் இரண்டு மணிக்கு, சர்ச் கூடத்தில். பதினொரு கடைக்காரர்கள், ஒரு பெண் கான்ஸ்டபிள், தேநீர், ஹில்டா கொண்டுவந்த இஞ்சி கேக்.

முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. குன்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பேருந்தை எட்டு வாரத்துக்கு முன் நிறுத்திவிட்டார்கள். சங்கம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை மட்டுமாவது விடுகிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதற்கு இன்றுதான் கடைசி நாள்.

"பஸ் நின்னதுலேர்ந்து களவு பாதியாக் கொறஞ்சிருக்கு. இத நான் சொல்லல, போலீசு சொல்லுது" என்றார் கிளைவ்.

கான்ஸ்டபிள் தேநீரைக் குடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஹில்டா எழுந்தாள். முப்பது வருஷமாகக் கூட்டத்துக்குக் கேக் கொண்டுவருகிறாளே தவிர, எழுந்து பேசியது இதுதான் முதல் தடவை. பேருந்து கட்டாயம் வேண்டும் என்றாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் வராமல் செவ்வாய்க்கிழமைகளில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். அது பொய்யும் இல்லை.

"யாரு, இவரா உன் வாடிக்கை?" கிளைவ் சுவரைக் காட்ட, கூடமே சிரித்தது.

மீன்கடை டோரீன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா ஹில்டா, ஒத்தக் கெழவனுக்காக ஊருக்கே பஸ் இல்லேன்னு ஆக்குவாங்களா? ஆளு யாருன்னு மட்டும் சொல்லு. போலீசு போயி ரெண்டு வார்த்த பேசட்டும். நாங்க எல்லாரும் கையத் தூக்குறோம்."

ஆமாம் ஆமாம் என்று நாலைந்து தலைகள் ஆடின. கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தாள்.

ஹில்டா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோட்டின் தோள் இரண்டு விரல் அளவு இறங்கித் தொங்கியது. போன குளிர்காலத்தில்கூட அந்தக் கோட்டு அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. இந்த எட்டு வாரத்தில் இன்னும் எவ்வளவு மெலிந்தாரோ.

"தெரியாது. யாரோ" என்றாள்.

பேருந்து வேண்டுமென்று நான்கு கைகள் எழுந்தன. அதில் ஒன்று அவளுடையது.

கிளைவ் கம்பெனிக்கு எழுத வைத்திருந்த காகிதத்தை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேக் பிரமாதம் என்றார்.

எல்லோரும் போன பிறகு ஹில்டா உள்ளறையில் கோப்பைகளைக் கழுவினாள். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினாள். அழுகை வந்தது. யாரும் இல்லாததால் அழுதாள்.

நாற்பது வருஷத்துக்கு முன், சுரங்க வேலைநிறுத்தத்தின் பதினோராவது மாதம், குழந்தைக்குப் பால்மாவு வாங்கவும் வழியில்லாமல் போன ஒரு காலையில் அவள் கணவன் ரேமண்ட் வேலைக்குத் திரும்பினான். கருங்காலி வீட்டுத் தண்ணீர்கூட இனி என் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனார் அவளுடைய அண்ணன் லென்.

சொன்னால் சொன்னதுதான். ஹில்டாவும் ரேமண்டும் குன்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து கடை போட்டார்கள். ரேமண்டைப் புதைத்த அன்றுகூட லென் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் அனுப்பும் கேக் பிரிக்காமலேயே திரும்பி வரும்.

அண்ணி இறந்த பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, லென் கடைக்குள் வந்து நின்றார். முகம் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா செய்வதுபோலவே பட்டாணி மசியலும் பன்றிக்கறியும் வைத்த ரொட்டியை ஹில்டா நீட்டினாள். அவர் கை நீளவில்லை. அவள் அதை மேடையில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைக்க அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

மறுபடி பார்த்தபோது ரொட்டியும் இல்லை, அண்ணனும் இல்லை.

கொடுத்தால் வாங்கக் கூடாது, அவ்வளவுதானே. கருங்காலியின் கடையில் திருடித் தின்பதற்கு அவர் மனசு இடம் கொடுத்துவிட்டது போலும். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் பதினொன்று பத்துக்குப் பேருந்து வந்து நின்றதும் ஒரு ரொட்டியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். நூறு எண்ணுவாள். தலைக்கு மேல் இருந்த கேமரா அவள் ஞாபகத்திலேயே இல்லை.

நான்தான் கொடுத்தேன், அவர் என் அண்ணன் என்று இன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேருந்து வந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னாலேயே பேச்சு குன்றைத் தாண்டி, அவர் தன் பழைய கூட்டாளிகளோடு உட்காரும் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்புறம் லென் பட்டினி கிடப்பாரே தவிர, அந்தப் பேருந்தில் ஏறமாட்டார்.

கூடத்தில் சுவரில் இன்னும் படம் இருந்தது. அணைக்க மறந்து போயிருந்தார்கள். ஹில்டா ஈரக் கையோடு போய் அதை அணைத்தாள்.

எனக்குத் தங்கச்சி என்று யாரும் கிடையாது என்று நாற்பது வருஷமாக லென் அந்தப் பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவருகிறாராம். இன்று இந்தப் பக்கத்தில் அவளும் சொல்லிவிட்டாள்.