பிச்சையா மாமாவின் ட்ராம்

“இறங்குங்க மாமா. தாதர் வந்தாச்சு.”

“இங்கனதான ஏறினோம்?”

“ஆமா. ரெண்டு தடவை போரிபந்தர் போயிட்டு வந்தாச்சு. இறங்குங்க.”

“இன்னொரு தடவை போயிட்டு வந்துருவோம் மருமவனே.”

பிச்சையா மாமா ட்ராமின் மரப்பலகையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். ஒரு காலை மடக்கி மேலே வேறு வைத்துவிட்டார். மணி பதினொன்றரை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா என் அத்தை புருஷன். தென்காசிப் பக்கமிருந்து பம்பாய் பார்க்க வந்து இன்றோடு மூன்று நாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவன் எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான். அதனால் மாமா என் தலையில்.

காலையில் ராத்திரி ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த அப்பா என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

“சுயம்பு, அத்தானை வெயில்ல அலைய விடாதே. டாக்ஸியில போங்க. பன்னிரண்டுக்குள்ள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரு. அம்மா கறி எடுத்திருக்கா. அவர் வராம நான் சாப்பிட மாட்டேன்.”

டாக்ஸிக்கு ரூபாயும் கொடுத்தார். மாமா ஏறினால்தானே?

“மூடின வண்டி. எனக்குக் குமட்டும்.”

லோக்கல் ரயில்?

“நேத்துப் பார்த்தேனே. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருதான்.”

பஸ்?

“அதுவும் அப்படித்தான்.”

சீக்கிரம் போவது ஒரு குறையா? விக்டோரியா குதிரை வண்டி ஒன்று நின்றது. அதைக் காட்டினேன். குதிரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது நல்லா ஓடும் போலிருக்கே,” என்று அதையும் வேண்டாம் என்றார்.

கடைசியில் ட்ராம். அடுத்த வருஷம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரே பேசுகிற ட்ராம். சைக்கிள்காரன் இதை முந்திப் போய், நின்று, பீடி பற்றவைத்து, மறுபடியும் முந்திப் போகிறான்.

ட்ராம் போய் முடிகிற போரிபந்தரில், இறங்கிச் சமுத்திரம் பார்க்கலாம் என்றேன்.

“சமுத்திரம் எங்க போயிரப் போகுது?”

அதே ட்ராமில் திரும்பித் தாதர். மறுபடி போரிபந்தர். மறுபடி தாதர்.

வழியில் மாமா பேசியதே கொஞ்சம்தான். ஒரு தடவை கேட்டார். “ஒங்கப்பன் மெஷின்ல கை மாட்டுமால?”

“கண் அசந்தா மாட்டும். போன மாசம் பக்கத்து மெஷின்காரருக்கு ரெண்டு விரல் போச்சு.”

அப்புறம் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பரேலில் பார்க்க என்ன இருக்கிறது? மில் புகைபோக்கிகள்.

இப்போது கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு இளித்தான். “க்யா காக்கா, கர் நஹீ ஹை க்யா?”

“என்னல சொல்லுதான்?”

“உங்களுக்கு வீடே இல்லையான்னு கேக்கான்.”

“இருக்கு, ஒத்த ரூம்புதான்னு சொல்லு.”

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“மாமா, நான் உள்ளதைச் சொல்லிருதேன். சும்மா கிடைச்ச டாக்ஸியை வேண்டாம்னுட்டு இந்தக் கட்டை வண்டியில உட்காந்து என் உயிரை எடுக்கீங்க. அது போகட்டும். அங்க அப்பா உங்களுக்காகப் பட்டினியாக் காத்துக்கிட்டு இருப்பாரு. கொஞ்சமாவது பாவமா இருக்கா உங்களுக்கு?”

மாமாவுக்குக் கோபம் வரவில்லை.

“காத்துக்கிட்டு இருக்க மாட்டான்,” என்றார். “உட்காந்தபடியே தூங்கியிருப்பான்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நான் வந்ததுலருந்து அவன் பகல்ல கண்ணை மூடலடே. அத்தான் இருக்கையில மச்சினன் காலை நீட்டிப் படுத்தா மரியாதை இல்லியாம். படுன்னு சொன்னேன். தூக்கமே வரல அத்தான்னுட்டான். சரி, நான் படுத்தா அவனும் படுப்பான்னு படுத்தேன். விசிறியை எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல உட்காந்துட்டான்.”

கண்டக்டர் முன்பக்கம் போய் டிக்கெட் போட ஆரம்பித்தான்.

“நேத்து எனக்கு டீ ஊத்தினானே, பார்த்தியா? கிளாஸ் ஒரு பக்கம் இருக்கு, டீ ஒரு பக்கம் போகுது.”

பார்த்தேன். அத்தானைக் கண்டால் அப்பாவுக்கு இவ்வளவு பயமா என்று சிரிக்கக்கூடச் செய்தேன்.

“ஊருக்கு ரயில் நாளைக் கழிச்சுத்தான்,” என்றார் மாமா. “அதுவரைக்கும் பகல்ல நான் அந்த வீட்ல இல்லாம இருக்கணும். வேறென்ன செய்ய? நீ வேணா போ மருமவனே. நான் தனியாச் சுத்திக்கிடுதேன்.”

மணி அடித்தது. ட்ராம் மெல்ல நகர்ந்தது. குதித்தால் இப்போதுகூடக் குதிக்கலாம். பன்னிரண்டுக்குள் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் அப்பா.

கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றான்.

நான் ரெண்டு விரலைக் காட்டினேன். “போரிபந்தர்.”