அம்புக்குறி போட்ட கட்டு

"அப்பா கையில உன் மோதிரம் கிழிச்ச புண்ணு, லோர்னா. ஆறு வாரமாச்சு. இன்னிக்கு நர்ஸ் வந்து கட்டைப் பிரிக்கும்போது மூடியிருக்கலைன்னா அப்பாவை என்கூடவே கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க ஊர் கால்கரியில முதியோர் இல்லம் பார்த்து வெச்சாச்சு."

கோட்டைக்கூடக் கழற்றாமல் டார்லீன் சொன்னாள். தம்பி மனைவி லோர்னா காபி போடப் போய்விட்டாள்.

"நான் பிறந்த வீடு இது. எங்கயும் வரமாட்டேன்" என்றார் அப்பா ஓரெஸ்ட். வயது எண்பத்தொன்பது. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, அழுத்திப் பிடித்தாலே கிழிகிற நிலை.

டார்லீனின் கண் வீட்டைத் துழாவியது. மேஜை முனைகளில் எல்லாம் மெத்தென்ற ஸ்பாஞ்சுக் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தது. அப்பாவின் இரு கைகளுக்கும், பாதம் வெட்டிய பழைய ஹாக்கி சாக்ஸ்தான் உறை. அதை விலக்கினால், புண்ணின் கட்டு மேல் பேனாவால் தேதியும் ஓர் அம்புக்குறியும்.

லோர்னாவின் விரலில் மோதிரம் இல்லை. கிழித்த பிறகு கழற்றி என்ன பிரயோஜனம் என்று டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நர்ஸ் வந்ததும் முதல் புகாரே அதுதான். "கட்டு மேல எப்படிக் கிறுக்கி வெச்சிருக்கா பாருங்க."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "கிறுக்கலா? கிழிஞ்ச தோல் எந்தப் பக்கம் ஒட்டிட்டு இருக்கோ, அங்கேருந்துதான் பிரிக்கணும். எதிர்ப்பக்கமா உரிச்சா தோலும் கூடவே வந்துடும். அதுக்குத்தான் அம்பு."

அம்பு காட்டிய வழியிலேயே மெல்ல மெல்லப் பிரித்தாள்.

உள்ளே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"சுத்தமா மூடிடுச்சு. தினம் ரெண்டு வேளை களிம்பு தடவி, இப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கிட்டா ஏன் மூடாது? இவர் இங்கயே இருக்கட்டும்."

கிழவர் ஹாக்கியில் கோல் போட்டவர் போல அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். இன்றைக்குப் பெரோகிக் கொழுக்கட்டை வேண்டும், வெங்காயம் தாராளமாகப் போட வேண்டும் என்று உத்தரவும் போட்டார். லோர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டே நர்ஸை வழியனுப்பக் கார் வரைக்கும் போனாள்.

டார்லீன் கோட்டைக் கழற்றினாள். "சரிப்பா, நல்லாத்தான் பார்த்திருக்கா. இருந்தாலும் கிழிச்சது அவ மோதிரம்தானே? இனிமேலாவது ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க."

ஓரெஸ்ட் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. ஆனா அவ மோதிரத்தைக் கழட்டி ரெண்டு வருஷமாச்சு. என் தோல் இப்படி ஆன அன்னிக்கே கழட்டிட்டா."

"அப்புறம் இது?"

"ஆறு வாரம் முன்னாடி தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து முடிஞ்சு நீ கிளம்பறப்ப என் கையை இறுக்கிப் பிடிச்சு, கட்டிக்கிட்டு அழுதியே. ரத்தம் வந்ததை நீ பார்க்கக் கூடாதுன்னு சட்டைக் கையை இழுத்து விட்டுக்கிட்டேன்."

டார்லீன் தன் விரலைப் பார்த்தாள். கல் மோதிரம் துருத்திக்கொண்டு நின்றது.

"தெரிஞ்சா நீ இனிமே என்னைத் தொடவே பயப்படுவேன்னு பழியை அவ ஏத்துக்கிட்டா. அந்த மோதிரத்தைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு வாம்மா, அப்பாவைக் கட்டிக்கோ."