கல்லறையில் ஒரு சிவப்பு முட்டை

மூன்று வருஷமாக ஈஸ்டர் விடிந்தால் போதும், ஸம்ஃபிராவின் கணவன் ஆங்கெல் பெயர் பொறித்த கல்லறையில் யாரோ சிவப்பு முட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறை சிலுவைக்குப் பின்னால் ஒளிந்திருந்து கையும் களவுமாகப் பிடித்தாள். பக்கத்துத் தெரு ருக்சாண்ட்ரா.

"என் புருஷன் கல்லறையில உனக்கு என்னடி வேலை?"

"என் மகனுக்கு வச்சேன்க்கா. கருங்கடல் கொண்டுபோன பிள்ளை, உடம்பே கெடைக்கல. ஈஸ்டருக்கு எல்லாரும் செத்தவங்களுக்கு சிவப்பு முட்டை வைக்கிறாங்க, எனக்கு வைக்க ஒரு கல்லறை இல்லியேன்னு அழுதேன். உங்க வீட்டுக்காரர்தான் இதை வச்சுக்கச் சொன்னார். நம்பலேன்னா வீட்ல போய் அவரையே கேளுங்க."

மூச்சிரைக்க வந்து கேட்டவளை, ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்த ஆங்கெல் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குன்னு முன்னாடியே கட்டி வச்சது, சும்மாதானே கெடக்கு? இயேசுவையும் அடுத்தவன் கல்லறையிலதான் வச்சாங்க. மூணே நாள்ல காலி பண்ணிட்டார். இந்தப் பையனும் ஒருநாள் எழுந்திரிச்சுப் போயிடுவான், விடு."