பதினேழாவது டேக்

"பதினாறு டேக்! ஒரே ஒரு வரி! கிழத்துக்கு மறை கழண்டுடுச்சா?" டைரக்டர் திபோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

உதவி டைரக்டர் செவெரினுக்கும் ஆத்திரம்தான். பாரிஸுக்கு வெளியே பழைய மாளிகை. கடைசி நாள், கடைசிக் காட்சி. இதை எடுத்துவிட்டால் மூட்டை கட்டிவிடலாம்.

கிழம் என்றது மார்சியாலை. முப்பத்தெட்டு வருடமாகச் சின்னச் சின்ன வேஷம்: வேலைக்காரன், தபால்காரன், போலீஸ், அப்புறம் பிணம். பேர் யாருக்கும் தெரியாது. தெருவில் பார்த்தால், "நீங்க எங்க பல் டாக்டர்தானே?" என்பார்கள். அவர் சேர்த்துவைத்த ஒரே சொத்து, 'மார்சியாலா? ஒரே டேக்!' என்ற பேச்சு.

இன்று அதுவும் போயிற்று.

வசனம் இதுதான்: "முதலாளி, தொழிலாளிங்க வாசல்ல நிக்கிறாங்க."

"பதினேழு... ஆக்‌ஷன்!"

மார்சியால் கம்பீரமாக வந்து நின்றார். "தொழிலாளி, முதலாளிங்க வாசல்ல நிக்கிறாங்க."

"கட்!"

யூனிட்டே சிரித்தது. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது.

"வெளிச்சம் போச்சு! நாளைக்கும் வரணும். அத்தனை பேருக்கும் இன்னொரு நாள் சம்பளம் தெண்டம்!" தொழிலாளர் கண்ணீரைப் படமெடுக்கும் திபோ கத்தினார். "செவெரின், இனிமே இந்த ஆளைக் கூப்பிடாதே. மத்த கம்பெனிக்கும் சொல்லிடு."

"வெட்கமா இல்லையா உங்களுக்கு?" என்றாள் செவெரின் மார்சியாலிடம்.

"வயசாச்சும்மா."

விடுவிடென்று உடை அறைக்குப் போனாள். தையல்கார ஜோசெட் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஊரே எரியுது, நீங்க பாடுறீங்க?"

"நாளைக்கும் வேலை இருக்கே! வருஷத்துக்கு ஐந்நூத்தேழு மணி நேரம் வேலை காட்டினாத்தானே, வேலை இல்லாத நாள்ல நமக்குக் கவர்மென்ட் பணம்? எனக்கு ஏழு மணி நேரம் குறைஞ்சுது. இந்த வாரத்தோட கெடு. காலையில மார்சியாலுக்குப் பொத்தான் தைக்கிறப்போ சொல்லி அழுதுட்டேன். ஆமா, அவருக்கு இன்னைக்கு என்ன ஆச்சு, பாவம்?"

செவெரினுக்குச் சுருக்கென்றது. வாசலுக்கு ஓடினாள்.

அங்கே வேனுக்காகக் கூட்டமாய் நின்ற யூனிட் ஆட்களைப் பார்த்து, காரிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார் திபோ.

மார்சியால் அந்தக் கார் ஜன்னலருகே பணிவாகக் குனிந்தார். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்:

"முதலாளி, தொழிலாளிங்க வாசல்ல நிக்கிறாங்க."