பர்மிட் இல்லாத மண்

மருமகள் லோகப்பிரியா போனில் பேசியதைக் கேட்டதும் ஆறுச்சாமி படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"மண்ணு பொதபொதன்னு இருக்குது. வண்டி அங்க நிக்கவே கூடாது, பொதஞ்சுரும். தொட்டதும் அள்ளிட்டுக் கெளம்பிரணும்."

அவள் போனை வைத்ததும் மெல்லக் கேட்டார். "ஏங்கண்ணு, மண்ணள்ளப் பர்மிட் இருக்குதா?"

"அதெல்லாம் யாருங்க மாமா குடுக்கறாங்க?" அவள் கண் லேப்டாப்பிலேயே இருந்தது.

"அய்யோ! போன வாரந்தான் அன்னூர் ரோட்டுல தாசில்தார் ரெண்டு டிப்பரைப் புடிச்சுப்போட்டாரு. உங்க வண்டியும் மாட்டிக்கிச்சுன்னா?"

"அந்தப் பயத்துலதானுங்க மாமா காலைல இருந்து சோறே எறங்கல."

"அப்ப டிரைவரைத் திரும்பி வரச் சொல்லு அம்மணி!"

"டிரைவரே இல்லீங்க மாமா."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். இருட்டில் மிதந்த ஒரு விண்கல்லை நோக்கி விண்கலம் ஒன்று இறங்குவதுபோல் படம் ஓடியது.

"அங்க ஈர்ப்பு ரொம்பக் கம்மிங்க, மண்ணு ஒண்ணோடொண்ணு இறுகாமக் கெடக்குது. கால் வெச்சா மண்ணு தண்ணியாட்டம் உள்ள வாங்கிக்கும். வண்டி மாட்டுனா எங்க அத்தனை வருச உழைப்பும் அங்கயே போச்சுங்க."

ஆறுச்சாமி திரையையே உற்றுப் பார்த்தார்.

"அங்க தாசில்தார் யாரும் இல்லையே?"

"இல்லீங்க மாமா."

பெருமூச்சு விட்டார். "அப்புறம் என்ன கண்ணு பயம்? நல்லா அள்ளச் சொல்லு!"